சுருட்டுச் சுற்றுங் கைவேலை

தமிழ்மொழி பிறரிடமிருந்து பெற்ற சொற்களைப் பற்றிப் பேசுவோர் பலர். பிறர்க்கு ஈந்த சொற்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கட்டுமரம், மிளகுதண்ணீர் என்பன ஆங்கிலத்திற் புகுந்தமை பலரும் அறிந்ததே. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க பிறிதொரு சொல் சுருட்டு. சுருட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இப்பெயர் போர்த்துக்கேய மொழியிற் 'சருத்து' எனவும், ஆங்கிலத்திற் 'செரூட்' எனவும், சிங்களத்திற் சுருட்டு எனவே தானும் வழங்குகின்றது. ஆயின் புகையிலைச் செடி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. செடி மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. சுருட்டிய இலையின் பெயர் கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. இவ்விரு பயணங்களும் சந்தித்த இடங்களுள் ஒன்று யாழ்ப்பாணம்.

1492ஆம் ஆண்டிற் கொலம்பஸின் குழுவினர் கியூபாத் தீவின் மக்கள் இலைச்சுருளைக் கொளுத்திப் புகையுறிஞ்சுதலைக் கண்டனர். 1560ஆம் ஆண்டளவில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதுவராயிருந்த ஜான் நிக்கோ அச்செடியைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரே செடியின் தாவரவியற் பெயராகிய 'நிக்கொற்றியானா' என்பதிலும், அதன் நச்சுப் பொருளாகிய நிக்கொற்றீன் என்பதிலும் நிலைத்துவிட்டது. நிக்கொற்றீனை இலையினின்றும் பிரித்தெடுத்தோர் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்து அறிஞராகிய பொசெல்ற், ரைமான் என்னும் இருவர், ஆண்டு 1828.

தமிழ் நிலத்துக்குப் புகையிலை வந்த பின்னர் அது மக்கள் வாழ்விற் கலந்த வேகம் வியப்புக்குரியது. தூதிலக்கியத்திலும் அது இடம்பெற்றது. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய 'புகையிலை விடு தூது' என்னும் நூலை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டார். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் கடல் கடந்து சென்றமைக்கு, 1887இல் வெளிவந்த கொனன் டொயிலின் முதலாவது துப்பறியும் நாவலில் அதன் சாம்பல் ஒரு தடயமாக அமைந்திருத்தலே சான்றாகும்.

யாழ்ப்பாணத்திற் புகையிலை, கிணற்றுநீரும் தோட்டக்காரரின் வியர்வையும் கொண்டு வளர்ந்த பயிர். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அது திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. அங்கே புகையிலை வாணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தது. திவான் மாதவராயர் காலத்தில், 1863ஆம் ஆண்டில், அத்தனியுரிமை நீக்கப்பட்டது. கேரளத்தார் வெற்றிலையுடன் மெல்லும் அவ்விலையை இவ்வூரின் பெயராலேயே 'ஜாப்பாணம்' என அழைத்தனர். இவ்வூரார் அதனையே 'மலையாளப் புகையிலை' என்றனர். விளைவித்தவன் வாங்குவோன் நாட்டின் பெயரையும், வாங்கியவன் விளைவித்தோன் நாட்டின் பெயரையும் இட்டு அழைத்தமை வாணிக வரலாற்றில் நயமானதொரு செய்தி. மலையாளச் சந்தை தளர்ந்த காலத்திற் சுருட்டுப் புகையிலை முதன்மை பெற்றது. சிங்கள ஊர்களெங்கும் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக் கடைகள் தோன்றின. பல குடும்பங்களிற் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு புகையிலை விற்ற காசிலிருந்தே வந்தது.

சுருட்டுச் சுற்றுதல் இருவகைப்படும். ஒன்று வயிற்றுப்பாட்டுக்காகக் கொட்டிலில் இருந்து கூலிக்குச் சுற்றுவது. மற்றையது தன் பாவனைக்கெனத் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து தானே சுற்றுவது. இவ்விரண்டாவது வகை இந்நாளில் மேலைநாடுகளிற் சிலருடைய பொழுதுபோக்காகவும் ஆகியுள்ளது. முழு இலையை வாங்கி, பலகையும் கத்தியும் பசையும் வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்திற் சுற்றிப் பழகுகின்றனர். பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இவ்வேலை எத்துணை நுட்பம் வாய்ந்தது என்பதை அதன் படிகளை ஒவ்வொன்றாக நோக்குமிடத்து அறியலாம்.

முதலாவது, இலை. புகையிலைச் செடியில் நிக்கொற்றீன் உண்டாவது வேரில். அங்கிருந்து அது மேலேறி இலைகளிற் சேர்கின்றது. பூக்குமுன் நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளையும் முறித்துவிட்டால், விதைக்கும் கிளைக்கும் செல்லவேண்டிய சத்து இலைக்கே சேர, இலை தடித்துக் காரமேறும். ஒரே செடியிலும் இலைகள் ஒரு தன்மையன அல்ல. அடியிலை மெல்லியது, காரங் குறைந்தது, எளிதிற் பற்றி எரிவது, நடுவிலை மணமுடையது, வெயிலை மிகுதியாகப் பெறும் நுனியிலை தடித்தது, காரம் மிக்கது, மெல்ல எரிவது. இம்மூன்றையும் அளவறிந்து கலப்பதே சுருட்டின் சுவையை நிருணயிக்கின்றது.

இரண்டாவது, பதப்படுத்தல். பச்சையிலையைச் சுற்றினாற் சுருட்டாகாது. இலையைத் தொங்கவிட்டு மெல்ல உலர்த்தும்போது, அது உயிர்ப்புள்ள நிலையிலேயே தன்னிடமுள்ள சீனியைச் சிறிது சிறிதாகச் செலவழித்து விடுகின்றது. பின்னர் ஈரப்பதத்துடன் குவியலாக அடுக்கி வைப்பர். குவியல் உள்ளே சூடேறும், நொதியங்களும் நுண்ணுயிர்களும் தொழிற்படும், அமோனியா வாயு வெளியேறும், காரம் ஓரளவு தணியும், நிறம் கறுக்கும். சூடு அளவு கடவாமல் அடிக்கடி குவியலைப் பிரித்து, உள்ளிருப்பதை வெளியேயும் வெளியிருப்பதை உள்ளேயும் மாற்றி அடுக்குதல் வேண்டும்.

வீட்டிற் சுற்றப் பழகுவோர் முதலில் இடறுவது இங்கேதான். பத்துப் பதினைந்து இலைகளைக் கட்டி வைத்தாற் சூடேறுவதில்லை. சிறிய பொருளில் உள்ளளவை நோக்க மேற்பரப்பு அதிகம். ஆதலின் உண்டாகும் வெப்பம் உடனுக்குடன் வெளியே போய்விடுகின்றது. பெருங்குவியலுக்கே தன் வெப்பத்தைத் தானே காக்கும் ஆற்றல் உண்டு. எனவே சொந்தமாகச் சுற்றுவோன் பெரும்பாலும் பிறர் பதப்படுத்திய இலையையே வாங்கவேண்டியவனாகின்றான். 'தன் கையாற் செய்தது' என்னும் பெருமையில் முன்பாதி, முகமறியாத தோட்டக்காரர்க்கும் பதமிடுவோர்க்கும் உரியது என்பது இதனாற் பெறப்படும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. அதுவே கோடா. புகையிலைக் காம்பு, பனங்கட்டி முதலியன சேர்த்துச் செய்யப்படும் இக்கரைசலை இலையில் ஊட்டுவதாற் சுருட்டுக்கு இவ்வூர்க்கேயுரிய மணமும் சுவையும் உண்டாகின்றன. கோடாவின் சேர்மானமும் அளவும் தொழில் நடத்துவோர்க்கு வாணிக இரகசியம்.

மூன்றாவது, சுற்றுதல். காய்ந்த இலை தொட்டால் நொறுங்கும். நீர் தெளித்து மூடிவைத்துத் துணிபோல வளையும் பதம் வந்தபின்னரே எடுத்தல் வேண்டும். நடுநரம்பை நீக்கினால் இலை வலப்பாதி, இடப்பாதி என இரண்டாகும். இவ்விரு பாதிகளையும் ஒரே திசையிற் சுற்றலாகாது. வலப்பாதியை ஒரு திசையிலும் இடப்பாதியை எதிர்த்திசையிலும் சுற்றினாலன்றிப் பக்க நரம்புகள் சுருட்டின் நீளத்தை ஒட்டி அமையா.

சுருட்டுக்கு மூன்று பகுதிகள் உள. உள்ளே இருப்பது உள்ளீடு. அதனைப் பிணித்து நிற்பது உட்சுற்று. கண்ணுக்குத் தெரிவது மேற்சுற்று. உள்ளீட்டு இலைகளை விசிறிபோல மடித்து ஒன்றன்மேலொன்றாகச் சேர்க்கும்போது, ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரையும் காற்றுச் செல்லும் நுண்ணிய வழிகள் இருத்தல் வேண்டும். இறுக்கம் மிகுந்தாற் புகை வராது. தளர்ச்சி மிகுந்தால் விரைந்து எரிந்து வாயைச் சுடும். மெல்ல எரியும் கார இலையை நடுவிலும், விரைந்து எரியும் இலையை அதனைச் சூழவும் வைத்தாற் தீ நடுவிற் குழியாமலும் ஒருபுறஞ் சாயாமலும் செல்லும். உட்சுற்றுக்கு வலிமையுள்ள இலையும், மேற்சுற்றுக்குக் கிழிசலும் தடித்த நரம்பும் அற்ற அழகிய இலையும் வேண்டும். நரம்பு தடித்த பக்கம் உள்ளே போக, மேற்சுற்றைச் சற்றே இழுத்துப் பிடித்துச் சாய்வாகச் சுற்றி, முடிவிற் சுவையற்ற தாவரப் பசையால் ஒட்டுவர். இழுவை குறைந்தாற் சுருங்கும், மிகுந்தாற் கிழியும். இவ்வளவை எந்நூலும் கற்பிக்க இயலாது. பெருவிரலும் சுட்டுவிரலுமே கற்கவேண்டும்.

சுற்றி முடிந்த சுருட்டு ஈரமிகுதியால் உடனே எரியாது. சிலகாலம் ஆறவிட வேண்டும். சேமிக்கும் இடத்து ஈரப்பதம் ஏறத்தாழ 65 முதல் 70 வீதம் வரை இருத்தல் நன்று. மிகுந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பமும் சேர்ந்தாற் புகையிலை வண்டு பெருகும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமே உள்ள அவ்வண்டின் புழு இலையைத் துளைத்துச் சுருட்டை ஊதுகுழலாக்கிவிடும். பூச்சிகளை அஞ்சவைக்கும் நிக்கொற்றீனையே உணவோடு உண்டு வாழும் உயிரும் இயற்கையில் உண்டு.

இக்கைவேலையில் விரல்களும் கண்களுமே ஈடுபடுகின்றன, செவி ஓய்ந்திருக்கின்றது. இவ்வுண்மையிலிருந்து அரியதொரு வழக்கம் தோன்றிற்று. 1865ஆம் ஆண்டில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையொன்றில், தொழிலாளர் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் பத்திரிகையும் நூல்களும் உரத்து வாசிக்கும் முறை தொடங்கியது. வாசிப்போனுக்குரிய கூலியைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். 1935இல் தோன்றிய 'மொன்ரெக்கிறிஸ்ரோ' என்னும் சுருட்டின் பெயர், அவர்கள் விரும்பிக் கேட்ட அலெக்சாந்தர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது எனக் கூறப்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டவாறே சுற்றும் வழக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தை விரைவில் விட்டு நீங்கிய பலர்க்கு அக்கொட்டில்களே உலகச் செய்தியையும் அரசியலையும் இலக்கியத்தையும் கற்பித்த கல்விக்கூடங்களாயின.

இனிச் சொல்லவேண்டுவது, சுற்றிய சுருட்டைப் புகைப்போன் உடலில் நிகழ்வது. 'சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. ஆதலாற் கேடில்லை' என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் பிழையென்பதற்குக் காரணம் மேலே கூறிய பதப்படுத்தலிலேயே இருக்கின்றது. சிகரற்றுக்குரிய இலை பெரும்பாலும் சூட்டறையில் விரைந்து உலர்த்தப்படுவதாற் சீனி எஞ்சி நிற்க, அதன் புகை அமிலத்தன்மை பெறுகின்றது; அப்புகையிலுள்ள நிக்கொற்றீன் நுரையீரலிலேயே நன்கு உறிஞ்சப்படும். சீனி தீர்ந்த சுருட்டிலையின் புகையோ காரத்தன்மையது. அதிலுள்ள நிக்கொற்றீன் வாயின் மென்தோல் வழியாகவே குருதியிற் கலந்துவிடும். ஆகவே உள்ளிழுக்காதவனும் அடிமையாகின்றான்.

அளவையும் நோக்குக. ஒரு சிகரற்றில் உள்ள புகையிலை 1 கிராமுக்குங் குறைவு. பெரிய சுருட்டொன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். இலை உலர்ந்து பதமாகும் காலத்திலேயே புற்றுநோயை விளைக்கும் நைத்திரோசமீன்கள் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. சுருட்டுப் புகைத்தல் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றிற் புற்றுநோயை விளைப்பது என அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு எடுத்துக்காட்டிற்று. ஆந்திர நாட்டுக் கடற்கரையிற் பெண்கள் சிலர் சுருட்டின் எரியும் நுனியை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கமுடையர். அவர்களிடத்து அண்ணத்திற் புற்றுநோய் மிகுந்திருத்தலை மருத்துவர் கண்டனர். தம் கையாற் சுற்றியதனாலோ, கலப்பற்ற முழு இலையைக் கொண்டதனாலோ இக்கேடுகளுள் ஒன்றேனும் குறைவதில்லை. புகைக்காதவனையும் இலை விடுவதில்லை. ஈரமான பச்சையிலையைக் கையாளுவோர்க்குத் தோல்வழியாக நிக்கொற்றீன் ஏறித் தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாவதைப் பச்சைப் புகையிலை நோய் என்பர். ஆதலாற் சிறுவர் உலாவும் வீட்டிற் புகையிலையை ஊறப்போடுதலும் விரித்து வைத்தலும் தகா.

இலங்கையிற் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006ஆம் ஆண்டில் நிறைவேறியது. அச்சட்டம் 21 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், அவற்றை விளம்பரஞ் செய்வதையும் தடுத்தது. எனினும் சுருட்டுத் தொழில் தளர்ந்தது சட்டத்தினால் மட்டுமன்று. புகைப்போர் சிகரற்றுக்கு மாறினர். 1983ஆம் ஆண்டின் கலவரத்தால் தெற்கிலிருந்த தமிழர் கடைகள் பல அழிந்தன. பின்வந்த போர்க்காலத்திற் பாதைகள் அடைபட்டன. சுற்றத் தெரிந்த கைகள் முதுமையடைந்தன. அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில் நாடினர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. கேடு பயக்கும் பொருளைச் செய்யும் திறமையைப் போற்றலாமோ? போற்றுதல் வேறு, பயிலுதல் வேறு. வில்லும் வேலும் கொண்டு பொருத போரை இன்று எவரும் விரும்பார். ஆயினும் அவற்றை வடித்த கொல்லனின் நுட்பத்தை வரலாறு குறித்து வைக்கின்றது. இலையின் பதம் அறிதல், நரம்பின் ஓட்டம் அறிதல், கோடாவின் பக்குவம் அறிதல் என்பன தலைமுறைகளின் கைகளிற் சேர்ந்த அறிவு. அவ்வறிவுக்கு ஏடு இல்லை. அதனைத் தாங்கிய கலைச்சொற்களுட் பல அகராதி ஏறவும் இல்லை. கொட்டிலிற் சுற்றிய முதியவர் ஒருவர் மறையுந்தோறும் அச்சொற்களுஞ் சில மறைகின்றன.

ஆதலின் மாணவர் செய்யத்தக்க பொழுதுபோக்கு ஒன்று உண்டு. அது சுருட்டுச் சுற்றுதலன்று. சுற்றியவர்களைத் தேடிச் சென்று, அவர் விரல்கள் செய்தவற்றையும் வாய் வழங்கிய சொற்களையும் கேட்டு எழுதி வைத்தல். அவ்வேட்டிற் கோடாவின் சேர்மானமும் இடம்பெறுக. கொட்டிலில் வாசிக்கப்பெற்ற பத்திரிகைகளின் பெயர்களும் இடம்பெறுக. இருமலும் வாய்ப்புண்ணும் கொண்டு வருந்தினோர் செய்தியும் இடம்பெறுக. புகையிலைக் காசினாற் கற்ற தலைமுறையின் வழிவந்தோர், அவ்விலைக்கு உழைத்தோர்க்குச் செலுத்தத்தக்க கடன் அதுவேயாகும்.