வாசலில் ஒரு மிலிட்டரி லாரி

சில வீட்டு ஆண்களுக்குச் சீட்டாட்டம். சிலருக்குப் புறா வளர்ப்பு. என் கணவருக்குப் பழைய மிலிட்டரி லாரி!

"பெண்கள் படிக்கிற பத்திரிகையில் லாரிக்கு என்னம்மா வேலை?" என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. அந்த லாரி நிற்பது நம் வாசலில். அதற்குச் செலவாவது நம் குடும்பப் பணம். கிரீஸ் படிந்த சட்டையைத் துவைப்பது நாம். ஸ்பானரை எடுத்து வாயில் வைக்கும் குழந்தையின் பின்னால் ஓடுவதும் நாம்தான். ஆகவே அதைப் பற்றி நாலு விஷயம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து வருகின்றன?

1945-ல் இரண்டாவது உலகப் போர் முடிந்தபோது ஜீப்புகளும் லாரிகளும் லட்சக்கணக்கில் மிஞ்சிப்போயின. அமெரிக்கப் படை விட்டுப் போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, பிலிப்பைன்ஸ் மக்கள் 'ஜீப்னி' என்று பயணிகள் வண்டியாகவே ஆக்கிக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 'டிஸ்போசல்' வண்டி என்ற பேச்சு அப்போதிருந்தே உண்டு.

பிறகு நம் ராணுவத்துக்கு இங்கேயே வண்டி செய்யத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் மான் கம்பெனி கூட்டுறவில் 1959-ல் ஜபல்பூரில் 'சக்திமான்' லாரி பிறந்தது. ஜப்பானின் நிஸ்ஸான் கூட்டுறவில் 'ஒன் டன்' லாரியும், 'ஜோங்கா'வும் வந்தன. ஜோங்கா என்றால் ஏதோ மிருகத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் காரேஜ் அசெம்ப்ளி' என்பதன் முதலெழுத்துகளாம்! 1990-களில் இவற்றின் தயாரிப்பு நின்றது. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, ரிப்பேர் செய்து வைத்துக்கொள்வதில் பலருக்கு ஒரு தனிப் பைத்தியம்.

பணமும் காகிதமும் முதலில்

2014-ல் என் கணவர் வேலை பார்த்த நூற்பாலையை மூடிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் மெஷினோடு பழகியவர், மூன்று மாதம் ஈஸிச்சேரில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போயிற்று. பிறகு ஒரு நாள், மேட்டுப்பாளையம் பக்கம் தோப்பு ஒன்றில் ஒன் டன் லாரி நிற்கிறது, விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் பழைய களை தெரிந்தது.

கையில் இருந்ததோ செட்டில்மென்ட் பணம் மட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஏனுங்க, புள்ளை படிப்புக்கானது முதல்ல தபால் ஆபீசுக்குப் போகட்டும். மிச்சத்துல நீங்க லாரி பாருங்க" என்றேன். அப்படியே செய்தோம். லாரிக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். வாங்கிய நட்டு முதல் டீச் செலவு வரை அதில் எழுதினோம். இந்த மாதத்துப் பணம் தீர்ந்தால் வேலை அடுத்த மாதம்தான்.

காகித விஷயத்திலும் கறாராக இருந்தேன். ஏலத்தில் எடுத்த ராணுவ வண்டியைப் பதிவு செய்ய, உரிய அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்றிதழ் வேண்டும். ஃபாரம் 21 என்பார்கள். இது இல்லாமல் வெறும் இரும்பாக விற்ற வண்டியை வாங்கிவிட்டு, ரோட்டில் ஓட்ட முடியாமல் விழிப்பவர்கள் உண்டு. எங்களுடையது முன்பே ஓர் எஸ்டேட்டின் பெயரில் பதிவான வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது. கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவதற்கு எதிராக 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்கள் லாரியில் இருப்பது ஆறு சிலிண்டர், ஏறத்தாழ நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். தண்ணீராகக் குடிக்கும். "டீசல் எஞ்சின் மாட்டிடு" என்று வருகிறவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள். அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்று கேட்டறிந்து, இருந்த எஞ்சினையே சரி செய்தார். குறைவாக ஓட்டினால் போகிறது!

ஜாக்கியை நம்ப வேண்டாம்

நான் போட்ட முதல் சட்டம் இது: ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. வண்டியைத் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டோ, தடித்த கட்டைகளோ வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் உதவாது. பாரம் தாங்காமல் நொறுங்கிவிடும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும்.

ஓர் ஐப்பசி மாதம், மழை பெய்து மண் ஊறியிருந்தது. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அவர் அடியில் படுத்திருக்கிறார். 'சரக்'கென்று ஒரு சத்தம். ஜாக்கி ஒரு பக்கம் சேற்றில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. லாரி ஓர் அங்குலம் இறங்கிக் கட்டையில் உட்கார்ந்தது. அவர் ஊர்ந்து வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அன்று அந்தக் கட்டைகள் இல்லையென்றால்... அதை நினைக்கவே இன்றும் வயிறு கலங்குகிறது.

இன்னொன்று. பல மிலிட்டரி லாரிகளில் சக்கர ரிம் ஒரே துண்டாக இராது. இரண்டு மூன்று துண்டுகளைப் பூட்டியிருப்பார்கள். காற்றை முழுவதும் இறக்காமல் கழற்றினால் வளையம் குண்டு மாதிரித் தெறிக்கும். அந்த வேலை டயர் கடைக்காரருடையது. வீட்டில் செய்ய விடாதீர்கள்.

துணியும் தூசியும்

பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக் கூடும். பிரேக் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவார்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்து வியாதியாகக் கிளம்பும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வேலைச் சட்டையை வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். நாம் அதை உதறக் கூடாது. மற்ற துணிகளோடு சேர்க்காமல் நனைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுச் சுரண்டும்போது பறக்கும் தூசி சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. தேய்க்கிறவர் மாஸ்க் போட வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். கழிவு ஆயில் தினமும் தோலில் படுவதும் நல்லதல்ல. பெட்ரோலில் கை கழுவும் வழக்கத்தை விட்டு, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துச் சோப்புப் போடச் சொல்லுங்கள்.

நட்டு, போல்ட்டுகளை எல்லாம் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, எது எங்கே என்று சீட்டு ஒட்டி வைத்தேன். ஆனால் மண்ணெண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில் இவற்றைக் குடிக்கும் பாட்டிலில் ஊற்ற ஒருநாளும் விட்டதில்லை. தப்பித் தவறிக் குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது. அந்தப் புகையில் வாசனையே தெரியாத விஷ வாயு இருக்கிறது. காயம் பட்டால் மஞ்சளை அப்பிவிட்டு இருக்காமல், சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

மயில் கழுத்து நிறம்

மிலிட்டரிப் பச்சை அடிக்கத்தான் அவருக்கு ஆசை. அந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டுமே உரியது என்பது மோட்டார் வாகன விதி. "அப்ப நீயே ஒரு கலர் சொல்லு கண்ணு" என்றார். என் கூறைப்புடவையின் மயில் கழுத்து நிறத்தைக் காட்டினேன்! சிரித்தார், ஆனால் அதையே அடித்து, ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்றிப் பதிந்தார். மேல்கூரைக் கான்வாசுக்கு, ரவிக்கைக்கு வெட்டுவது போல நியூஸ் பேப்பரில் அளவு வெட்டிக் கொடுத்தது நான். தைத்தது தார்ப்பாய்க் கடைக்காரர்.

உதிரி பாகம் தேடி உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். கிடைக்காத புஷ்ஷுகளைத் தாமே லேத்தில் கடைந்தார். அந்த வேலையைப் பார்த்துத்தான் ஒரு பட்டறைக்காரர் அவரை வேலைக்குக் கூப்பிட்டார். லாரி முடிய மூன்று வருஷம் ஆயிற்று. பசியும் தூக்கமும் அதற்கு வெகு முன்பே திரும்பி வந்துவிட்டன.

வேலையிழந்த ஆண்பிள்ளைக்குக் கைக்கு ஒரு வேலை கிடைப்பது டானிக்கை விடப் பெரிது. அதைத் தடுத்துச் சண்டை போட வேண்டாம். எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். பணத்துக்கு ஒரு நோட்டு, வண்டிக்குச் சரியான காகிதம், அடியில் தடித்த கட்டை — இந்த மூன்றுக்கும் நாம் பொறுப்பு எடுத்துக்கொண்டால் போதும்.

இப்போது கல்லூரிக்குப் போகும் எங்கள் மகளே அந்த லாரிக்குச் சக்கரம் மாட்டுகிறாள். அப்பா குனிந்தால் போதும், "ஸ்டாண்டு வெச்சாச்சாங்கப்பா?" என்று அவள் குரல்தான் முதலில் கேட்கிறது.