மண்ணில் படிந்த மரக்கோட்டை



திருக்குறளின் அரண் அதிகாரத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் மாணவர் ஒருவராவது என்னிடம் கேட்பதுண்டு: "சேர், கல்லால் கட்டினால்தானே அது கோட்டை?" அதற்கு நான் எடுத்துக் காட்டுவது வேல்ஸ் நாட்டின் எல்லையிலே புல் மூடிக் கிடக்கும் ஒரு மண்மேட்டை.

ஹென் டோமென் என்பது அதன் பெயர். வேல்ஸ் மொழியிலே 'பழைய மேடு' என்று பொருள். 1066 இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியமின் பிரபுக்களுள் ஒருவரான மொன்ட்கொமரி றொஜர், 1070களில் இதனை எழுப்பினார். அகழி தோண்டிய மண்ணைக் குவித்து மேடாக்கினார்கள். மேட்டின்மேல் மரக்கோபுரம், அடியிலே மண்ணணையும் மரவேலியும் சூழ்ந்த முற்றம். கல்லை அடுக்க ஆண்டுக்கணக்காகும். பகைநாட்டிலே அந்த அவகாசம் ஏது? அக்காலத்துப் பாயோ சித்திரத் துணியிலே ஹேஸ்டிங்ஸ் மேடு எழுப்பும் காட்சி உண்டு. வேலையாட்கள் இருவர் மண்வாரியால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதையும் அதிலே தைத்து வைத்திருக்கிறார்கள்!

1223 இல் அருகிலுள்ள பாறைக் குன்றிலே கற்கோட்டை எழத் தொடங்கியது. பழைய மேடு சிறப்பிழந்தது, மரம் உக்கிப்போயிற்று.

1960 தொடக்கம் 1992 வரை பிலிப் பார்க்கர் என்ற அகழ்வாய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்கே பொறுமையோடு தோண்டினார்கள். நட்ட தூண் உக்கினாலும் அதன் குழி வேறு நிற மண்ணாய் நிற்கும். நிலத்திலே கிடத்திய மரச்சட்டத்தின்மேல் எழுந்த வீடோ குழியைக்கூட விட்டுவைப்பதில்லை. தேய்ந்த தரை எங்கே முடிகிறது, கூழாங்கற்கள் எந்தக் கோட்டோடு நிற்கின்றன என்று பார்த்தே சுவர் நின்ற இடத்தை உய்த்துணர வேண்டும். ஏட்டுச்சுவடியிலே செல்லரித்த வரியை வாசிப்பது போன்ற வேலைதான்; ஆனால் இங்கே வாசிக்க வாசிக்க ஏடே அழிந்துவிடும். தோண்டிய மண்ணை மீண்டும் பழையபடி வைக்க முடியாதல்லவா! இவ்வாறு வாசித்தபோதுதான் அந்த முற்றம் கட்டடங்கள் நெருங்கி நின்ற இடம் என்று தெரியவந்தது. பிரபுவின் கோட்டையாயினும் கிடைத்த பொருள்கள் சொற்பமே. செல்வத்தின் சுவடு அதிகமில்லை.

என் மனத்தைத் தொட்டது இவை எதுவுமன்று. மண்ணணைக்கு அடியிலே உழவுசால்கள் வரிவரியாய்க் கிடந்தன. நோர்மன்கள் வருமுன்னர் யாரோ உழுத வயல். றொஜர் கட்டிய கோட்டையை 1086 இல் தொகுத்த நிலப்பதிவேடு குறிப்பிடுகின்றது. உழுதவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்து ஏர்கள் கிளறிவிடாதபடி அவனுடைய சால்களைக் காத்துத் தந்தது, அவற்றின்மேல் றொஜரின் ஆட்கள் கொட்டிய மண்தான்.