சிங்கமுகனுக்கு ஒரு தலைக்கவசம்

கந்த சஷ்டி நெருங்கிவிட்டால் நம் சங்கத்துக் குழந்தைகளின் சூரசம்ஹார நாடகத்திற்கான ஏற்பாடுகளும் தொடங்கிவிடுகின்றன. வேலும் மயிலும் எளிதில் அமைந்துவிடும். சிங்கமுகனின் தலைதான் தொல்லை. அதே பருவத்தில் ஹாலோவீனுக்காகக் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் முகமூடி ஒரு மாலை தாங்கினால் அதிகம். ஆகவே வீட்டிலேயே செய்வதென்று சில ஆண்டுகளுக்கு முன் துணிந்தேன். அதில் நான் செய்த பிழையையும், பின்னர் கற்றதையும் அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

மாவுக்கட்டுப் போட்டுப் பழகிய கை அல்லவா? பெரிய பலூன் ஒன்றின் மேல், பாரிஸ் சாந்தில் நனைத்த துணியைச் சுற்றியே தலையைச் செய்து முடித்தேன். பார்வைக்கு வெகு கம்பீரம். சமையலறைத் தராசில் மூன்று பவுண்டுக்கு மேல் காட்டியது. சிங்கம் என்றால் கனக்கத்தானே செய்யும் என்று சிரித்துக்கொண்டேன்.

நாடகத்தன்று பத்து வயதுப் பையன் அதை அணிந்து மேடையேறினான். போர்க் காட்சியில் அவன் சட்டென்று திரும்ப, கவசம் திரும்பவில்லை. கண்ணுக்கு வைத்த துளை காதுப் பக்கம் போயிற்று. ஒன்றும் தெரியாமல் மேடை விளிம்புக்கு அப்பால் ஒரு காலை வைத்துவிட்டான். பக்கத்தில் நின்ற வீரபாகு கையைப் பிடித்து இழுத்ததால் பிள்ளை தப்பினான். கவசம் மட்டும் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. அதுவும் நாடகத்தில் ஓர் அங்கம் என்றெண்ணிச் சபையோர் கைதட்டினார்கள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாள் முழுதும் பிறர் குழந்தைகளுக்குப் பத்திரம் சொல்லும் நான் இதை யோசிக்கவில்லையே!

கனமும் கடினமும்தான் உறுதி என்று எண்ணியதே என் பிழை. நம் ஊர்க் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் கிரீடத்திற்குக் கனமற்ற கல்யாண முருங்கை மரத்தைத் தேர்ந்தது சும்மாவா? இங்கே அதற்கு ஈடாக ஈ.வி.ஏ. ஃபோம் கிடைக்கிறது. உடற்பயிற்சிக்குத் தரையில் விரிக்கும் மெத்தென்ற விரிப்பு பெரும்பாலும் இதுதான். விழுந்தாலும் உடையாது, வளைந்து நிமிரும்.

முதலில் அளவு. புருவத்திற்குச் சற்று மேலாக நாடாவைச் சுற்றுங்கள். பத்து வயதில் சுமார் 21 அங்குலம் இருக்கும். உள்மெத்தைக்காகச் சுற்றிலும் அரை அங்குலம் இடம் விடுங்கள். பிள்ளையின் தலையில் துணித் தொப்பி மாட்டி, அதன்மேல் உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளையும் மாஸ்கிங் டேப்பையும் புருவம் வரை மட்டும் சுற்றுங்கள்; மூக்கும் வாயும் ஒருபோதும் மூடப்படக் கூடாது. தொப்பிபோல் கழற்றிய பின்னரே துண்டுகளாக வெட்டுங்கள். அவையே உங்கள் மாதிரி. பாரிஸ் சாந்தைத் தலைமேல் பூசி அச்சு எடுக்க எண்ணாதீர்கள். இறுகும்போது அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

மண்டைக்கு 10 மில்லிமீட்டர் ஃபோமும், சிங்கத்தின் முகத்திற்கு 5 மில்லிமீட்டரும் போதும். புது பிளேடால் வெட்டுங்கள். கான்டாக்ட் பசையை இரு விளிம்புகளிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகு அழுத்துங்கள். அதன் நெடி தலைவலி தரும். கராஜ் கதவைத் திறந்து வையுங்கள். ஹீட் கன்னால் இலேசாகச் சூடுகாட்டினால் நுண்துளைகள் மூடி மேற்பரப்பு பளபளக்கும். அதன்மேல் வெள்ளைப் பசை மூன்று பூச்சு, பிறகு அக்ரிலிக் வண்ணம். பிடரி மயிருக்குப் பின்னல் கம்பளி நூல்.

சிங்கமுகம் நெற்றிக்கு மேலே அமையட்டும். பிள்ளையின் முகம் திறந்தே இருக்கட்டும். அப்போதுதான் பார்வை மறையாது, மூச்சு முட்டாது, வசனமும் கடைசி வரிசை வரை கேட்கும். தாடைப்பட்டையில் வெல்க்ரோ வையுங்கள். எங்காவது மாட்டி இழுத்தால் தானே கழன்றுவிடும். உள்ளே வைக்கும் பருத்தித் துணியும் கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு துணி என்பது என் கண்டிப்பு. தலைப்பேன் சூரனுக்கும் அஞ்சாது, முருகனுக்கும் அஞ்சாது!

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஃபோம் தீப்பற்றும், கற்பூர ஆரத்திக்கு முன் கவசத்தைக் கழற்றிவிட வேண்டும். இது வேடத்திற்கான கவசமே. சைக்கிள் ஓட்ட உதவாது. உள்ளே செய்தித்தாளை அடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தால் ஆண்டுகள் தாங்கும். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் பசை இளகிவிடும்.

நான் இரண்டாவதாகச் செய்தது முக்கால் பவுண்டுதான். மூன்று பிள்ளைகள் அணிந்தும் இன்னும் நலமாக இருக்கிறது. செய்து பார்க்க விரும்பும் பெற்றோர்கள் எந்தச் சனிக்கிழமையும் வரலாம். என் கராஜ் கதவு திறந்திருக்கும். சிங்கமுகனின் தலை ஆண்டுதோறும் விழத்தான் வேண்டும். அதைச் சுமக்கும் பிள்ளையின் தலையைப் பத்திரமாகக் காப்பது நம் கடமை.