இமை ஓரத்தில் தேனுக்கு என்ன வேலை?

உலர்கண் நோயோடு வருபவர்களில் பலர் மருத்துவரிடம் சொல்லும் முதல் புகார், "கண்ணுல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு" என்பதுதான். மண் விழுந்ததுபோல் உறுத்தல், மாலையானால் எரிச்சல், வண்டியில் போனால் நீர் வடிதல், செல்போனில் எழுத்து மங்குவதும் இமைத்தால் தெளிவதுமாக ஒரு தொல்லை. இத்தனையும் சொன்ன பிறகு "உங்களுக்குக் கண் வறண்டு போயிருக்கு" என்று பதில் வந்தால் யாருக்கும் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மை. கருவிழியின் மேற்பரப்பு காய்ந்ததும் அங்குள்ள நரம்புகள் உறுத்தலை உணர்த்துகின்றன. கண்ணீர்ச் சுரப்பி அவசர அவசரமாக நீரை அனுப்புகிறது. அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

ஏன் தங்குவதில்லை என்ற கேள்விக்கான பதிலில்தான், கண்ணுக்குத் தேன் பயன்படுமா என்ற கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

கண்ணின் மேல் எப்போதும் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் மூன்று மைக்ரோமீட்டர் அளவுதான். அதன் அடியில் சளி போன்ற ஒட்டுப்பொருள், நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. நீர் ஆவியாகாமல் தடுப்பது இந்த எண்ணெய்தான். அதைச் சுரப்பவை இமைக்குள் வரிசையாக நிற்கும் மெய்போமியன் சுரப்பிகள். 1666-இல் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மெய்போமின் பெயரால் அழைக்கப்படுகின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமை ஓரத்து நுண்துளைகள் வழியாகத் துளியினும் துளியாக எண்ணெய் வெளிவந்து படலத்தின்மேல் பரவுகிறது. நிமிடத்துக்கு 15, 20 முறை இமைப்பவர்கள் திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே இமைக்கிறார்கள். உலர்கண் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நீர் குறைவதைவிட இந்த எண்ணெய் கெடுவதுதான் முக்கியக் கோளாறு.

பரிசோதனை அறையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஆரஞ்சு நிறச் சாயம் ஏறிய சிறு காகிதத் துண்டை நனைத்துக் கீழ் இமையின் உட்பக்கம் தொடுவார்கள். நோயாளி கருவியில் தாடையை வைத்ததும் நீல வெளிச்சம் பாய்கிறது. கண் முழுவதும் பளீரென்ற பச்சைப் படலம் தெரிகிறது. "இமைக்காம நேரா பாருங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவர் நொடிகளை எண்ணத் தொடங்குவார். பத்து நொடிகளாவது அந்தப் பச்சை கலையாமல் நிற்க வேண்டும். கோளாறு இருந்தால் நான்காவது, ஐந்தாவது நொடியிலேயே அங்கங்கே கரும்புள்ளிகள் தோன்றிக் கோடுகளாக ஓடும். அந்த இடங்களில் படலம் கிழிந்துவிட்டது என்று பொருள். அடுத்து கீழ் இமையை விரலால் மெல்ல அழுத்துவார். நல்ல சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் வரும். கெட்டுப்போன சுரப்பியிலிருந்து பற்பசை போல வெள்ளையாகக் கெட்டியாகப் பிதுங்கும். சில துளைகளில் எதுவுமே வராது.

எண்ணெய் ஏன் கெட்டியாகிறது? வயது, ஹார்மோன் மாற்றம், தோல் நோய் எனக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று இமை ஓரத்தில் குடியிருக்கும் பாக்டீரியா. ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் எல்லோருடைய இமையிலும் உண்டு. அளவோடு இருந்தால் தொல்லையில்லை. பெருகிவிட்டாலோ, லைப்பேஸ் என்ற நொதியால் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அமிலங்கள் இமையைப் புண்ணாக்க, வீக்கம் துளையை அடைக்க, அடைபட்ட எண்ணெய் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. செயற்கைக் கண்ணீர் விட்டால் சற்று நேரம் இதமாக இருக்கும். ஆனால் இந்தச் சுழலை அது தொடுவதே இல்லை.

இங்கேதான் தேன் வருகிறது. முதல் பார்வைக்கு இது தலைகீழான வைத்தியமாகத் தோன்றும். வறண்ட கண்ணில் நீர் ஆவியாகி ஆவியாகி உப்புச் செறிவு ஏற்கெனவே கூடியிருக்கிறது. தேனிலோ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. கண்ணீர் ஏறத்தாழ நடுநிலையானது, தேன் அமிலம். வறட்சியைப் போக்கத் தேன் விடுகிறோம் என்று நினைத்தால் கணக்கு ஒத்துவராது. தேனின் வேலை கருவிழியில் இல்லை, இமை ஓரத்தில் இருக்கிறது.

தேன் கிருமியைக் கொல்வதற்கு வழிகள் பல. அதன் சர்க்கரைச் செறிவு பாக்டீரியாவின் நீரை உறிஞ்சிவிடுகிறது. நீர் கலந்து நீர்த்ததும், தேனீ சேர்த்த ஒரு நொதி சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் என்ற உயிர்வேதியியலாளரும் அவர் குழுவினரும் 345 தேன் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். பெராக்சைடை அழிக்கும் நொதியைச் சேர்த்ததும் பெரும்பாலான தேன்கள் வீரியம் இழந்தன. மானுக்கா என்ற புதர்ச்செடியின் பூந்தேனோ, பல மாதிரிகளில், பெராக்சைடு இல்லாமலேயே கிருமியைக் கொன்றது. காரணம் என்ன என்பது 2008-இல்தான் தெரிந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹென்லே குழு, அந்தத் தேனில் மீத்தைல் கிளையாக்சல் என்ற பொருள் மற்ற தேன்களில் இருப்பதைவிடப் பல மடங்கு இருப்பதைக் காட்டியது. மானுக்காப் பூவின் மதுவில் உள்ள ஒரு சேர்மம், தேன் முதிரும்போது மெல்ல மெல்ல இதுவாக மாறுகிறது. ஒரே செடியின் தேனிலேயே இதன் அளவு மிகவும் வேறுபடும். அதனால்தான் மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒவ்வொரு தொகுதியையும் அளந்தாக வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மானுக்கா இனத் தேனைக் கொண்டு கண்ணுக்கென்றே 16 சதவீதத் தேன் சொட்டும் 98 சதவீதத் தேன் களிம்பும் தயாரிக்கப்பட்டன. அங்கே ஜூலி அல்பியட்ஸ், கத்ரீனா ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறு உள்ள 114 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்ற இரு பிரிவினருக்கு அதோடு சொட்டு அல்லது களிம்பு, எட்டு வாரங்களுக்கு. மூன்று பிரிவினருக்குமே கண் தேறியது. தேன் சேர்ந்த பிரிவுகளில் செயற்கைக் கண்ணீரின் தேவை குறைந்தது. இமை ஓரத்து பாக்டீரியாவும் குறைந்தது. பக்கவிளைவு என்று பதிவானது சற்று நேரம் நீடித்த எரிச்சலும் சிவப்பும்.

இந்த முடிவை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன்; ஆனால் அளவோடு. தேன் இல்லாத பிரிவும் தேறியது என்பதை மறக்கக் கூடாது. எரியும் மருந்து நோயாளிக்குத் தெரியாமல் இருக்காது; எரிந்தாலே "வேலை செய்கிறது" என்ற நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கையைப் பிரித்தெடுக்கும் விதமாகச் சோதனையை அமைப்பது கடினம். எரிச்சலைத் தவிர்க்க நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் கிரெய்க் குழு இன்னொரு வழியை எடுத்திருக்கிறது: கண்ணுக்குள் விடாமல், மூடிய இமையின் மேல் தடவும் மானுக்காத் தேன் களிம்பு. தேன் வேலை செய்ய வேண்டிய இடம் இமை என்றால், நேரே அங்கே வைப்பதுதானே சரி. எனக்கு இந்தப் பாதையில் நம்பிக்கை அதிகம்.

கண்ணுக்குத் தேன் என்பது நமக்குப் புதிதில்லை. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸில் கண் மருந்துகளில் தேன் உண்டு. சுசுருத சங்கிதையிலும் உண்டு. சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருந்துகளில் கலிக்கம் ஒன்று. கண்ணில் விடும் மருந்து அது. கிராமங்களில் சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் கூடு கட்டும் கொசுத்தேனீயின் தேனைக் கண்ணுக்கென்றே எடுத்து வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த அனுபவ அறிவை நான் மதிக்கிறேன். இருந்தும் சொல்கிறேன்: வீட்டுப் பாட்டிலிலிருந்து கண்ணில் தேன் விடாதீர்கள்.

தேன் கெடாது என்றால் அதில் கிருமியே இல்லை என்று ஆகிவிடாது. சர்க்கரைச் செறிவில் பாக்டீரியாவால் பெருக முடியாது. ஆனால் வித்துறை போர்த்திக்கொண்டு உறங்க முடியும். ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள் என்று சொல்வதே பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகளுக்குப் பயந்துதான். கொசுத்தேனில் மற்ற தேனைவிட நீர் அதிகம், எளிதில் புளிக்கும். கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாம் என்றால் பெராக்சைடு தரும் நொதி அழிந்துவிடும், வித்துகளில் பல தப்பிவிடும். அதனால்தான் மருத்துவத் தேனைக் காமா கதிர் பாய்ச்சிச் சுத்திகரிக்கிறார்கள். வித்துகள் செத்தாலும் தேனின் வீரியம் போவதில்லை. வீட்டு அடுப்பில் இதைச் செய்ய வழியில்லை.

சுத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டாம். சென்னைக்கு அருகே ஓர் ஆலையில் தயாரான, தேனே இல்லாத சாதாரணச் செயற்கைக் கண்ணீர் 2023-இல் அமெரிக்காவில் பெரும் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி. 18 மாநிலங்களில் 81 நோயாளிகள். 14 பேருக்குப் பார்வை போனது, நான்கு பேரின் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது, நான்கு பேர் இறந்தார்கள். நோயாளிகள் பயன்படுத்திய குப்பிகளிலேயே அந்தக் கிருமி இருந்தது. உரிமம் பெற்ற ஆலைப் பொருளிலேயே இப்படி நேர முடியுமென்றால், பலமுறை திறந்து, கரண்டி விட்டு எடுத்த தேன் பாட்டிலைப் பற்றி என்ன சொல்வது?

அந்த 2017 ஆய்வில் தேன் இல்லாமலே தேறியவர்கள் பெற்ற வழக்கமான சிகிச்சையின் ஒரு பகுதியை இன்று இரவே வீட்டில் தொடங்கலாம்: வெந்நீர் ஒத்தடம். கெட்டியான எண்ணெய் இளக, இமைக்கு ஏறத்தாழ 40 டிகிரி சூடு சில நிமிடங்கள் நீடிக்க வேண்டும். பலர் தோற்பது இங்கேதான். நனைத்துப் பிழிந்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியைப் பத்து நிமிடம் வைத்திருந்தும் பயனில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டை முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவிவிடுங்கள்; கண்ணைக் கசக்க வேண்டாம். ஓரிரு நாளில் பலன் தெரியாது, வாரக்கணக்கில் செய்ய வேண்டும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்துத் தேன் சொட்டு வாங்குபவர்கள், லேபிளில் கண்ணுக்கென்றும் கிருமி நீக்கப்பட்டதென்றும் இருக்கிறதா என்று பாருங்கள். உணவுக்கான மானுக்காத் தேன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அது உணவுதான். தேனீப் பொருள்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தச் சொட்டைத் தொடக் கூடாது. கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டுகளும் வலித்தால் ஷோக்ரென் நோயாக இருக்கலாம். கண்ணீர்ச் சுரப்பியையே உடல் தாக்கும் நோய் அது, அதற்கு வேறு சிகிச்சை. வலி கூடினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கி இமைத்தும் தெளியாவிட்டாலோ எந்தச் சொட்டையும் விட்டுப் பார்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.