கைவிளக்கின் ஒளிச்சில்லு

இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையோரத்தே அமைந்த ஊர் புதுமடம். மீன்பிடித்தல் இவ்வூரார் பலர்க்கு வாழ்வளிக்கும் தொழிலாகும். விடியுமுன் நாட்டுப்படகைக் கடலில் இறக்குவோர்க்கு வலையின் சிக்கலை எடுக்கவும், பொறியில் கழன்ற கம்பியைப் பொருத்தவும், தொலைவிலுள்ள படகிற்குக் குறிகாட்டவும் விளக்கு வேண்டும். இவற்றிற்கெல்லாம் உதவுவது சட்டைப்பையில் அடங்கும் சிறு கைவிளக்கு. அதனை வாங்குமுன், உள்ளிருக்கும் ஒளிச்சில்லு எத்தகையது என்று அறிதல் நன்று.

முற்காலத்துக் கைவிளக்கில் மெல்லிய டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்ந்தது. மின்னாற்றலில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே கழிந்தது. இன்று அவ்விடத்தை எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையம் பெற்றுள்ளது. நடைமுறைக்குப் பயன்படும் செந்நிறச் சில்லை 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். பொலிவுமிக்க நீலச் சில்லு தோன்ற மேலும் முப்பதாண்டுகள் ஆயின. அதனை ஆக்கித் தந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு ஒன்றை இட்டால், இரண்டொளியும் கலந்து வெண்மையாகத் தோன்றும். இன்றைய கைவிளக்கின் வெள்ளொளி பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதே.

சில்லுகளில் மலிவானது 5 மில்லிமீட்டர் குமிழ் வகை. இதில் வெப்பம் வெளியேற இரு மெல்லிய கம்பிகளையன்றி வேறு வழி இல்லை. ஆதலால் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே இது தாங்கும். மற்றொரு வகை, உலோகத் தளத்தின்மேல் பொருத்தப்படும் ஆற்றல்மிக்க சில்லு. வெப்பம் தளத்தின் வழியே விளக்கின் உடலுக்குச் சென்று ஆறுவதால், இது பன்மடங்கு மின்னோட்டத்தை ஏற்கும்.

இவ்வகையுள்ளும் ஒளிரும் பரப்பு சிறியது, பெரியது என இருதிறம் உண்டு. ஒரே அளவு ஒளி சிறு பரப்பிலிருந்து எழுமாயின், கைவிளக்கின் சிறு குழியாடியும் அதனைக் குவித்துத் தொலைவிற்கு அனுப்பும். பெரிய பரப்பினின்று எழும் ஒளி அகன்று பரவும். படகினுள் கைவேலைக்கு அதுவே ஏற்றது. தொலைவு இரட்டித்தால் பொருளின்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஆகவே ஒளியை இருமடங்காக்கினாலும் அது எட்டும் தொலைவு இருமடங்காகாது. மின்கலம் விரைவில் தீர்வதே மிச்சம்.

நிறத்தை மெய்யாகக் காட்டும் தன்மையும் எண்ணத்தக்கது. இதனை 100 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பர். 70 அளவுள்ள சில்லில் சிவப்பொளி குறைவு. செவுள் செக்கச்செவேலென்று இருந்தால் மீன் புதியது என்று கொள்வது வாங்குவோர் வழக்கம். சிவப்புக் குன்றிய ஒளியில் நல்ல மீனும் வெளிறித் தோன்றக்கூடும். பிடித்தவர்க்கு விலையும் குறையக்கூடும். சிவப்பு மின்கம்பியும் பழுப்பு மின்கம்பியும் ஒன்றெனத் தோன்றினால் இடர் நேரும். 90க்கு மேற்பட்ட சில்லு இக்குறையைப் பெரிதும் போக்கும். ஆயின் அதே மின்செலவில் சற்றுக் குறைந்த ஒளியே தரும்.

மிகுந்த ஒளியே சிறந்தது என எண்ணுதல் பிழை. கண் இருளுக்கு முழுதும் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். கண்கூசும் ஒளி அப்பழக்கத்தை நொடியில் கெடுத்துவிடும். பின்னர் விளக்கின்றி எதிரே வரும் படகு புலப்படாது. ஆகையால் ஒளியைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் விளக்கில் இருத்தல் வேண்டும்.

தொலைவிற்குக் குறிகாட்டுவோர்க்குச் சிறு பரப்புடைய சில்லு தகும். வலையும் மீனும் கம்பியும் கையாள்வோர்க்குப் பரந்த ஒளியும் மெய்ந்நிறமும் தரும் சில்லே தகும். ஒரு விளக்கே வாங்க இயலுபவர், தம் கை நாள்தோறும் செய்யும் வேலையை முதலில் எண்ணிப் பார்த்துப் பின்னர் விளக்கைத் தேர்வாராக.