பழுப்பு ஆறு, நீல ஆறு

அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், பயண ஏற்பாட்டாளர்கள் நீட்டும் திட்டம் அநேகமாக ஒன்றுதான். முதலில் தலைநகர் பியூனஸ் அயர்ஸ், அப்புறம் தெற்கே பெரிட்டோ மொரேனோ பனியாறு, கடைசியாக வடக்கே இகுவாசு அருவி. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாத துண்டுகளாகத் தோன்றும். வரைபடத்தில் தண்ணீர் போகும் வழியில் விரலை ஓட்டிப் பாருங்கள். இகுவாசு ஆறு அருவியாக விழுந்த பிறகு, இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் பரானா ஆற்றில் கலக்கிறது. பரானா தெற்கே இறங்கி, உருகுவே ஆற்றோடு சேரும் இடத்தில் ரியோ தெ லா பிளாத்தா பிறக்கிறது. அதன் கரையில்தான் தலைநகர் இருக்கிறது. எனவே என் யோசனை: அருவியில் தொடங்கி நகரத்தில் முடியுங்கள்.

குவரானி மொழியில் இகுவாசு என்றால் பெருநீர். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறை விளிம்பில், சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு, 275 அருவிகள் என்பது வழக்கமான கணக்கு. மழையைப் பொறுத்து இது கூடும், குறையும். ‘சாத்தானின் தொண்டை’ என்ற பகுதியில் மட்டும் தண்ணீர் 80 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது. அருவிகளில் பெரும்பாலானவை அர்ஜென்டினாவில். அவற்றை அகலமாகப் பார்க்கும் இடமோ எதிர்க்கரையில், பிரேசிலில். அக்கரைக்குப் போக நினைப்பவர்கள் அந்த நாட்டு விசா விதியையும் முன்பே பார்த்துவிடுங்கள். நான் சொல்வது அருவியைவிடக் குருவிகளைப் பாருங்கள் என்பதுதான். உழவாரன் இனத்தைச் சேர்ந்த கருநிறப் பறவைகள், விழும் நீரைக் கிழித்துக்கொண்டு பின்னாலிருக்கும் பாறைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். கூடும் அங்கேதான். வேட்டையாடும் பறவை எதுவும் அந்தத் திரைக்குள் வராது.

அங்கிருந்து தெற்கே பறக்க, பெரும்பாலும் பியூனஸ் அயர்ஸில் விமானம் மாற வேண்டும். உள்நாட்டு விமான நிலையம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பன்னாட்டு விமானங்கள் இறங்கும் எசெய்சாவோ ஊருக்கு வெளியே, வெகுதூரத்தில். இரண்டுக்கும் நடுவே போதிய நேரம் விடாமல் டிக்கெட் எடுத்துத் தவிப்பவர்கள் உண்டு.

பனியாறு என்ற தமிழ்ச் சொல் எவ்வளவு சரி என்பது எல் கலாஃபாத்தே ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் போய் நிற்கும்போது தெரியும். பெரிட்டோ மொரேனோ நிஜமாகவே ஓடுகிறது. நடுப்பகுதி ஒரு நாளைக்கு இரண்டு மீட்டர் வரை நகரும். முகப்பு ஐந்து கிலோமீட்டர் அகலம், நீருக்கு மேலே அறுபது, எழுபது மீட்டர் உயரம். அழுத்தத்தில் காற்றுக்குமிழிகள் நசுங்கிப்போன அடர்ந்த பனி ஒளியின் சிவப்பை விழுங்கிவிடுவதால், பிளவுகளுக்குள் நீலம் தெரிகிறது.

நகர்ந்து நகர்ந்து இந்தப் பனி சில சமயம் எதிர்க்கரையைத் தொட்டு, தான் வந்து முடியும் ஏரியின் ஒரு கிளையை அடைத்துவிடும். அடைபட்ட நீர் மாதக்கணக்கில் உயரும். பிறகு பனிக்கு அடியில் குடைந்து வழி தேடும். குடைவு பெரிதாகி, மேலே பனி வளைவாக நிற்கும். ஒருநாள் வளைவும் சரியும். 1939இல் பெருகிய நீர் கரையோரப் பண்ணைகளை மூழ்கடித்தபோது, கடற்படை விமானங்கள் பனி அணையின் மேல் குண்டு வீசிப் பார்த்தன. அணை அசையவில்லை. 2018 மார்ச்சில் வளைவு சரிந்ததோ நள்ளிரவில்! பகல் முழுக்கக் காத்திருந்தவர்கள் தூங்கப் போயிருந்தார்கள். மற்ற பனியாறுகள் சுருங்கியபோதும் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் நின்ற இது, சில ஆண்டுகளாகப் பின்வாங்கி வருகிறது. இனி அணை எப்போது கட்டும், கட்டுமா என்பதே கேள்வி. நடைமேடையில் கூட்டம் பேசாமல் நிற்கும். ஒரு துண்டு விழுவது கண்ணுக்குத் தெரிந்து, ஒரு கணம் கழித்துத்தான் இடி போன்ற ஓசை வரும்.

நம் மே மாத விடுமுறை அங்கே குளிர்காலத்தின் வாசல். பகல் குறுகிவிடும். முடிந்தால் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போகலாம்.

கடைசியாக நகரம். 1908இல் திறந்த கொலோன் அரங்கு, பழைய நாடகக் கொட்டகைக்குள் மாடம் மாடமாகப் புத்தகம் அடுக்கிய எல் அத்தேனியோ கடை, துறைமுகத்தில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளின் லா போக்கா என எல்லாவற்றுக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆற்றைத்தான் யாரும் காட்டமாட்டார்கள். லா பிளாத்தா என்றால் வெள்ளி. ஆற்றின் நிறமோ பால் கம்மியாக விட்ட தேநீர். இந்த வண்டலில் பெரும்பங்கு இகுவாசு கொண்டுவந்ததல்ல, ஆண்டிஸ் பக்கமிருந்து வரும் பெர்மெஹோ ஆற்றினுடையது. நகரம் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே குறைபட்டுக்கொள்வார்கள். 1924இல் பெரு நாட்டுக்குப் போகும் வழியில் உடல்நலம் கெட்டு இங்கே தங்கிய தாகூருக்கு, எழுத்தாளர் விக்தோரியா ஒகாம்போ சான் இசித்ரோவில் ஏற்பாடு செய்த வீட்டின் பெயர் மிரால்ரியோ. ‘ஆற்றைப் பார்’ என்று பொருள் கொள்ளலாம். அவர் பார்த்தார், எழுதவும் செய்தார். ‘பூரபி’ தொகுப்பு அவர் விஜயா என்று அழைத்த அந்தத் தோழிக்குத்தான் சமர்ப்பணம்.

நகரின் நடுவே, லட்சக்கணக்கான வண்ணச் சுடுமண் துண்டுகள் பதித்த ஓர் அரண்மனை இருக்கிறது. 1894இல் திறந்தது. உள்ளே ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. 12 பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டிகள்தான். அந்தப் பழுப்பு ஆற்றைத் தெளியவைத்து இங்கே ஏற்றி ஊருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இப்போது தொட்டிகள் காலி. ஒரு மூலையில் பழைய குழாய்களும் கழிப்பறைக் கோப்பைகளும் வரிசையாக வைத்த அருங்காட்சியகம். ஊர்க்குழாயில் மட்டும் அதே ஆறு வந்துகொண்டிருக்கிறது.