பனஞ்சிலாகைக்கு ஒரு ரிப்போர்ட்

பனஞ்சிலாகை எவ்வளவு பாரம் தாங்கும் என்று என் ஐயாவிடம் யாரும் கேட்டதில்லை. இணுவிலில் எங்கள் பட்டறைக்கு வரும் மரத்தை அவர் உளியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் கூரைக்கு, மொத்தென்றால் வேலிக்கு. அவர் ஏற்றிய கூரைகளில் சில காங்கேசன்துறை வீதியோரத்தில் இன்றைக்கும் ஓடு சுமந்து நிற்கின்றன. விடுதி ஒன்றுக்குப் பனைப் பலகையில் தளம் போடலாமா என்று கேட்டு வந்த இளம் பொறியியலாளர் எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணை, இதின்ர பலத்துக்கு ரிப்போர்ட் ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"ரிப்போர்ட் இல்லைத் தம்பி. ஐயா போட்ட கூரை இருக்கு, வாரும் காட்டுறன்."

"கூரையைக் காட்டி நான் கையெழுத்து வைக்கேலாது அண்ணை."

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த ரிப்போர்ட்டை எழுதுகிற ஆய்வுகூடத்தை இங்கேயே கட்டத்தான் வேண்டுமா என்பதுதான் எனக்குள்ள கேள்வி. கட்டத் தேவையில்லை என்பது என் கட்சி.

மரத்தின் பலத்தை அளக்கிற முறை சாதாரண ஓடாவிக்கும் விளங்கக்கூடியது. முடிச்சு, வெடிப்பு இல்லாத இடத்தில் 20 மில்லிமீற்றர் அகலம், அதே தடிப்பு, 300 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டு சீவி எடுப்பார்கள். அதன் ஈரத்தை 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, நடுவில் அமுக்கி முறிப்பார்கள். 1957ஆம் ஆண்டின் பிரித்தானிய நியமம் சொல்வது இந்த அளவைத்தான். இரண்டு அங்குலச் சதுரத்தில் பெரிய துண்டு எடுப்பது அமெரிக்க வழக்கம். ஈரத்தைக் குறித்துச் சொல்லாவிட்டால் பலத்தின் இலக்கமும் வீண்தான். மரம் காயக் காயப் பலம் கூடும், சுருங்கவும் செய்யும். ஈரவலயத்திலிருந்து பச்சையாக வந்த பலகையில் செய்த கதவு எங்கள் வெயிலில் நிலையை விட்டு விலகுவதும் இதனாலேயே. துண்டின் அளவும் ஈரமும் ஒன்றாக இருந்தால், டேராடூனில் முறித்த தேக்கின் இலக்கத்தையும் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கெப்பொங்கில் முறித்த தேக்கின் இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆய்வுகூடங்களை நாடுகள் பகிர முடிவதற்கு அடிப்படையே இதுதான்.

ஆனால் பனை தேக்கைப் போன்றதல்ல. தேக்கின் வைரம் உள்ளே இருக்கும். பனையின் வைரம் வெளியே. அதற்கு ஆண்டு வளையம் இல்லை, வயது போகப் போகப் பருப்பதும் இல்லை. கறுப்பு நார்க்கட்டுகள் வெளிப்புறத்தில் நெருங்கி நிற்கும், நடுவில் சோற்றிப் பகுதிதான். வாள்பல் சீக்கிரம் மழுங்கிவிடும். சீவுளியை எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் நார் கிளம்பும். அந்தக் கறுப்புச் சிராம்பு கையில் ஏறினால் இரண்டு நாளைக்கு வேலையில்லை. ஒரே மரத்தில், ஒரே உயரத்தில், கரையில் எடுத்த துண்டும் நடுவில் எடுத்த துண்டும் இரண்டு வேறு மரம் போல இருக்கும். ஆகவே பனைக்கு ஒரு இலக்கம் போதாது. எந்த வயது, எந்த உயரம், வெளியிலிருந்து எத்தனை அங்குலம் என்று ஒரு வரைபடமே வேண்டும்.

இந்த வேலையைத் தென்னையில் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். பசுபிக் தீவுகளில் காய்ப்பு நின்ற கிழத் தென்னைகள் காணி காணியாக நின்றன. தீவுகளிடம் மரம் இருந்தது, ஆய்வுகூடம் இல்லை. நியூசிலாந்து கைகொடுத்தது. 1976இல் தொங்காவில் தென்னந்தண்டை எப்படிப் பயன்படுத்துவது என்றே ஒரு கருத்தரங்கு நடந்தது. பிலிப்பைன்ஸில் சம்போவங்கா ஆராய்ச்சி நிலையம் அறுப்பது, காயவைப்பது, மருந்தேற்றுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. பின்னர் அவுஸ்திரேலியா பிஜி, சமோவா நாடுகளோடு சேர்ந்து பிரிஸ்பேனிலுள்ள சொல்ஸ்பரி ஆய்வுகூடத்தில் தென்னையைத் தளப்பலகையாக்கும் வேலையில் இறங்கியது. கனமீற்றருக்கு 600 கிலோவுக்கு மேலிருந்தால் பாரம் தாங்கும் வேலைக்கு, 400க்குக் கீழென்றால் பாரமில்லாத உள்வேலைக்கு என்று தென்னை இன்று தரம் பிரிக்கப்படுகிறது. ஐயா காதால் பிரித்ததைத்தான் அவர்கள் தராசால் பிரித்தார்கள். தராசு சொன்னதை ஏட்டில் எழுதலாம், காது சொன்னதை எழுதமுடியாது.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று உலகத்துக்குப் போயிருக்கிறது. 1906இல் தொடங்கிய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவகத்தில் சொந்தி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி 1933இல் செம்பு, குரோமியம், ஆசனிக்கு மூன்றையும் சேர்த்து ஒரு மரக்காப்பு மருந்தை உருவாக்கினார். கறையானும் பூஞ்சணமும் தொடாத மருந்து அது. அமெரிக்காவின் மடிசன் மர ஆய்வுகூடம் 1938 முதல் மிசிசிப்பியின் ஈர மண்ணில் மருந்தேற்றிய முளைகளை நட்டு, ஆண்டாண்டாகப் பிடுங்கிப் பார்த்து வருகிறது. டேராடூன் மருந்தும் அங்கே சோதிக்கப்பட்டது. அதன் பிறகு அமெரிக்காவில் தந்திக்கம்பத்திலிருந்து வீட்டு முற்றத்துத் தட்டி வரை அதே மருந்துதான். ஆசனிக்கு மண்ணில் கசிகிறது என்ற பயத்தில் 2003 முடிவோடு வீட்டுப் பாவனையிலிருந்து அதை அங்கே விலக்கினார்கள். நாங்கள் இங்கே இன்னும் பழைய எஞ்சின் ஒயிலைத்தான் பூசிக்கொண்டிருக்கிறோம்.

ஐரோப்பியர் 2016இல் எரிபோர் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மரத்திலிருந்து புதுப்பொருள் செய்யும் ஆய்வுகூடங்களில் எந்த நாட்டில் என்ன இயந்திரம் இருக்கிறது, அயல்நாட்டவர் எப்படி அதைப் பாவிக்கலாம் என்று பார்ப்பதே அதன் வேலையாக இருந்தது. பணக்கார நாடுகளே ஒரே இயந்திரத்தை ஆளுக்கொன்று வாங்குவது நட்டம் என்று யோசிக்கும்போது நாங்கள் யோசிக்காமல் இருப்பது சரியில்லை.

எங்களிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. ஆனால் அதன் பேரைச் சொன்னதும் ஊரில் நினைவுக்கு வருவது பனங்கட்டியும் ஒடியலும் பினாட்டும்தான். கொங்கிறீற்றையும் கம்பியையும் முறிக்கும் இயந்திரம் பொறியியல் படிப்பிக்கும் இடங்களில் இருக்கும். தாங்கியை மாற்றினால் அதே இயந்திரம் பனஞ்சட்டத்தையும் முறிக்கும். வயதுவாரியான நார்ப் படம், பசை ஒட்டும் சோதனை, வெப்ப அறையில் காயவைக்கும் அட்டவணை போன்றவற்றுக்குத்தான் வெளியே போகவேண்டும். பெங்களூரு மர விஞ்ஞானத் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. பனை தமிழ்நாட்டுக்கும் சொந்த மரம். எங்கள் கேள்வி அவர்களுக்கும் தேவையான கேள்விதான்.

300 மில்லிமீற்றர்த் துண்டு, எவ்வளவு வைரமானாலும், 100 கிராமைச் சுற்றித்தான் வரும். நூறு துண்டு பத்துக் கிலோ. நாகப்பட்டினம் கப்பலில் போகிற ஒருவரின் பொதியளவு. ஆனால் பொதிக்குள் போட்டுக்கொண்டு போகமுடியாது, மரமென்றால் தாவர நோய்த்தடுப்புச் சான்று வேண்டும். பொருள் அடுக்கும் மரப்பெட்டியையே நடுமரம் வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தவேண்டும் என்பது சர்வதேச விதி. பெண்பனை தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேறு. யுத்தத்தில் பதுங்குகுழிகளுக்குள் போய்ச்சேர்ந்த பனைகளை நினைத்தால் அந்தச் சட்டத்தை நான் குறைசொல்லமாட்டேன். தானாகச் சரிந்த, புயல் முறித்த மரங்களில் துண்டு எடுத்தாலே சோதனைக்குப் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதி வாங்கவேண்டும். துண்டோடு மரம் நின்ற ஊர், வயது, எடுத்த உயரம் எல்லாம் இங்கிருந்து போகும். முறித்துக் கிடைத்த இலக்கங்கள் முழுவதும், தமிழிலும் சிங்களத்திலும், எந்தப் பட்டறைக்காரனும் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியதாகத் திரும்பி வரவேண்டும். அந்த ஏற்பாட்டை எழுத ஒரு பக்கம் காணும். கைதடியும் பெங்களூரும் கையெழுத்து வைத்தால், முதல் நூறு துண்டைச் சீவிக் கொடுக்க எங்கள் பட்டறை ஆயத்தம், கூலி வேண்டாம்.